புகாரே இல்லாத மதர்போர்டு

1

இது கேட்டு வாங்கப்பட்ட கதை. எனக்குள் பல வருடம் ஊறியது, ஒருநாள் தானாகப் பொங்கியது என்றெல்லாம் சொல்ல ஆசைதான். சொன்னால் அக்கா சிரிப்பாள். அவள்தான் கேட்டாள். சமையலறை வாசலில், கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"சும்மாதானே கிடக்க. ஒரு கதை எழுதேன்."

"என்ன கதை?"

"கடைசியில ஒருத்தர் மதர்போர்டு வாங்கணும். அவ்வளவுதான். நடுவுல நீ என்ன வேணா எழுதிக்க."

"யாரு படிக்கறதுக்கு?"

"உங்க அத்தானுக்கு. நான் வாயால சொன்னா கேக்க மாட்டார். எழுத்துல இருந்தா நம்புவார்."

சும்மா கிடப்பது உண்மை. இரவு வேலையை விட்டுவிட்டு வந்து அக்கா வீட்டு ஹாலில் படுத்திருக்கிறேன். ஒரு பெரிய அறையில் வரிசையாக நிற்கும் கணினிகள் நின்றுபோகாமல் இருக்கின்றனவா என்று விடியும்வரை பார்ப்பது என் வேலை. அவை நின்றுபோகவில்லை. எதுவும் நடக்காததைப் பார்த்துக்கொண்டிருக்கச் சம்பளம் கொடுத்தார்கள். ஒருநாள் எழுந்து வந்துவிட்டேன். இதில் சோகம் ஒன்றும் இல்லை. (இங்கே இரவைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன். அதில் நிலா வந்தது. அந்த அறையில் ஜன்னலே கிடையாது.)

அக்காவின் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். டாக்டர்கள் தங்கள் குறிப்புகளைப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அக்கா அதைக் காதில் மாட்டிக் கேட்டு, அறிக்கையாக டைப் செய்து திருப்பி அனுப்புவாள். வீட்டிலிருந்தே செய்யும் வேலை. வீட்டுக் கணினி நினைத்த இடத்தில் உறைந்துபோகும். போன மாதம் ஒரு நோயாளியின் அறிக்கை 'இடது' என்ற சொல்லோடு பாதியில் அறுந்து போய்ச் சேர்ந்துவிட்டது. இடது என்ன என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் போட்டுக் கேட்டார்கள். அதற்குப் பிறகு கம்பெனி சொல்லிவிட்டது: வருகிற திங்கட்கிழமை முழுநாள் சோதனை, ஒருமுறை அறுந்தாலும் வேலை கிடையாது. இது போனால் அவள் மறுபடியும் ஆஸ்பத்திரி கவுன்ட்டருக்குப் போக வேண்டும். நாள் முழுக்க நிற்க வேண்டும். அவள் முதுகு அதைத் தாங்காது. முன்பே ஒருமுறை தாங்கவில்லை.

புதுக் கணினியைத் தானே கட்டித் தருவதாக அத்தான் சொன்னார். ப்ராசஸர் வந்துவிட்டது. ரேம், பவர் சப்ளை, கேபினெட் எல்லாம் வந்துவிட்டன. அவை சோபாவில் உட்கார்ந்திருக்கின்றன. மனிதர்கள் நாங்கள் தரையில் உட்காருகிறோம். வராதது மதர்போர்டு மட்டும். அதாவது, மற்ற எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பலகை.

"மத்ததெல்லாம் ஆளுங்க. இது தரை" என்பார் அத்தான். "தரை ஆடினா ஆளு நல்லவனா இருந்து என்ன புண்ணியம்?"

அதனால் ஒவ்வொரு போர்டாக எடுத்து, அதன்மேல் யாராவது புகார் சொல்லியிருக்கிறார்களா என்று நெட்டில் தேடுவார். தேடினால் கிடைக்கும். கிடைத்ததும் அந்தப் போர்டின் கதை முடிந்தது. இதற்கிடையில், ஏன் உறைகிறது என்று பார்ப்பதற்காகப் பழைய கணினியையும் பிரித்துப் போட்டுவிட்டார். ஆக, இந்த வீட்டில் இப்போது கணினியே இல்லை. இந்தக் கதையை என் போனில்தான் எழுதுகிறேன். எழுதியதை எழுதிய சூட்டோடு அத்தானுக்கு அனுப்பினேன். அவர் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார். அனுப்பாத பகுதிகளும் உண்டு. அவை உங்களுக்கு மட்டும்.

2

முதல் தொடக்கம்:

*ஒரு ஊரில் ஒருவர் ஒரு மதர்போர்டு வாங்கினார்.*

அக்காவுக்கு இது மிகவும் பிடித்திருந்தது. "இதுக்கு மேல எதுக்கு? அனுப்பு" என்றாள். அனுப்பினேன்.

— அத்தானின் குறிப்பு: எந்த மதர்போர்டு?

இரண்டாம் தொடக்கம்:

*மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அவர் குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் நுழைந்தபோது*

— அத்தானின் குறிப்பு: மழை நாளில் போர்டு வாங்கப் போகக் கூடாது. ஈரம். இவனுக்கு அடிப்படையே தெரியவில்லை. மேலே படிக்கவில்லை.

மூன்றாம் தொடக்கம்:

*அவர் தீர்க்கமான மனிதர். பார்த்தார், பிடித்தது, வாங்கினார். வீட்டுக்கு வந்து மாட்டினார். மனைவி*

— அத்தானின் குறிப்பு: இந்த ஆளுக்குக் கல்யாணம் வேறு ஆகிவிட்டதா? அந்தப் பெண்ணை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

இதைப் படித்தபோது அந்தப் பெண் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் சத்தமாகவே கழுவினாள்.

3

தீர்க்கமான மனிதரை நானும் நம்பவில்லை. அப்படி ஒருவரை நேரில் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் வாங்கிவிட்டு வருந்துகிறவர்கள், அல்லது வாங்காமலே வருந்துகிறவர்கள். எனவே கதாபாத்திரத்தை அத்தானைப் போலவே செய்துவிட முடிவு செய்தேன். தன்னைப் போல ஒருவன் வாங்கினால் அவரும் வாங்குவார் என்பது கணக்கு. அதற்கு அத்தானைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது.

அவர் லிஃப்ட் சோதிக்கும் அதிகாரி. புதுக் கட்டடங்களுக்குப் போவார். லிஃப்டில் மணல் மூட்டைகளை ஏற்றி, மேலும் கீழும் ஓடவிட்டு, நடுவில் நிறுத்தி, உள்ளே நின்று குதித்துப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடுவார். கையெழுத்துப் போட்ட லிஃப்டில் ஏறமாட்டார். படியில் இறங்கி வருவார். ஏன் என்று கேட்டால், "சோதிச்சப்ப நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப எப்படி இருக்கோ" என்பார்.

"அப்ப அதுல ஏறுற சனங்க?" என்று அக்கா ஒருமுறை கேட்டாள்.

"அவங்களுக்கு என்னை மாதிரி விவரம் பத்தாது."

கடையில் ரெடியாக இருக்கும் கணினியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிடலாமே என்றும் கேட்டுப் பார்த்துவிட்டாள். அன்று நான் போர்வைக்குள் இருந்தேன், தூங்கவில்லை.

"உள்ள என்ன போர்டு போட்டிருக்கான்னு சொல்ல மாட்டான்."

"சொல்லலைன்னா என்ன? என் காதுக்குள்ள எத்தனை எலும்பு இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. காது கேக்குதுல்ல?"

"காதுக்கு வாரண்டி கிடையாது. அதான் தைரியமாப் பேசற."

"திங்கக்கிழமைங்க."

"தெரியும். உனக்காகத்தானே இவ்வளவு பாக்கறேன்? கண்ட போர்டை மாட்டி, மறுபடி 'இடது'ல நின்னுச்சுன்னா?"

இதில் கொடுமை, அவர் சொல்வது உண்மை. அவளுக்காகத்தான் பார்க்கிறார். சோம்பேறியாக இருந்திருந்தால் திட்டித் திருத்தலாம். அக்கறையை எப்படித் திருத்துவது?

[இங்கே ஒரு தொழில் சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். உறுதியான போர்டு என்றால், வாங்கி மாட்டிய பிறகு எதுவும் நடக்கக் கூடாது. கதை என்றால் ஏதாவது நடக்க வேண்டும். ஆகவே உறுதியான போர்டைப் பற்றிக் கதை எழுதவே முடியாது. எழுதிய கணத்தில் அது உறுதியற்றதாகிவிடும். இதை அக்காவிடம் சொன்னேன். "பேச்சைக் குறைச்சுட்டு எழுது" என்றாள்.]

4

இது அனுப்பிய பகுதி. வினை இங்கேதான் ஆரம்பித்தது.

*அவர் எல்லாப் போர்டுகளையும் பார்த்துவிட்டார். எல்லாவற்றிலும் ஏதோ ஒரு குறை. சலித்துப்போய்த் திரும்பும்போது, கடையின் கடைசி அலமாரியில் அது இருந்தது. வெல்டார் 70. "இதுவா?" என்று கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "இதை வாங்கினவங்க திரும்பி வந்ததே இல்லை." அதைப் பற்றி உலகத்தில் யாரும் பேசுவதில்லை. பேசுவதற்கு அதில் எதுவும் நடப்பதில்லை.*

வெல்டார் என்று ஒரு கம்பெனி எனக்குத் தெரிந்து கிடையாது. மேசைமேல் ஒரு இருமல் மருந்து பாட்டில் இருந்தது. அதன் பெயரில் பின்பாதியைப் பிய்த்து எடுத்தேன். 70 எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. எண் இல்லாவிட்டால் அத்தான் நம்பமாட்டார் என்று மட்டும் தெரியும்.

குறிப்பு எதுவும் வரவில்லை. ஹாலின் அந்தப் பக்கம், சோபாவின் காலடியில் உட்கார்ந்திருந்தவர் தலையைத் தூக்கினார்.

"மாப்ள, இந்த வெல்டார் 70. இது ப்ரோவா, சாதாவா?"

நான் அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் எழுதுகிறவனிடம் ஒருவன் அக்கறையாகச் சந்தேகம் கேட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது.

"சாதா" என்றேன்.

"நல்லது. ப்ரோன்னா வெறும் பந்தா."

மதியம் முழுக்கத் தேடினார். சாப்பிடக் கூப்பிட்டதற்குக் கையை மட்டும் ஆட்டினார். சாயங்காலம் எழுந்து வந்து என் எதிரே குந்தினார். முகத்தில் ஒரு வெளிச்சம். கல்யாண ஆல்பத்தில்கூட அவர் முகத்தில் அது இல்லை.

"ஒரு புகார் இல்ல மாப்ள."

"என்னது?"

"வெல்டார் 70 மேல. ஒண்ணுகூட இல்ல. எத்தனை வருஷமா போர்டு பாக்கறேன், இப்படி ஒண்ணை நான் பாத்ததே இல்ல."

"பாராட்டு ஏதாவது இருக்கா?"

"அதுவும் இல்ல. காசு குடுத்து எழுத வைக்கலைன்னு அர்த்தம். நேர்மையான கம்பெனி."

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். படியில் அவர் இறங்கிப்போகும் சத்தம் கேட்டது. அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"வாங்கப் போறார்டா! என்ன எழுதின அப்படி?"

சொன்னேன். கட்டிப்பிடித்த கையாலேயே முதுகில் ஒன்று வைத்தாள்.

5

எங்கள் நம்பிக்கை இதுதான்: கடையில் 'அப்படி ஒரு போர்டே கிடையாது' என்பார்கள், அத்தான் முகம் தொங்கிப்போய்த் திரும்புவார், அந்தச் சோர்வில் ஏதாவது ஒன்றை வாங்கச் சம்மதிப்பார்.

அந்தக் கம்ப்யூட்டர் தெருவைப் பற்றி எங்களுக்குத் தெரியவில்லை. நீங்கள் அங்கே போயிருக்கமாட்டீர்கள், அதனால் சொல்கிறேன். அந்தத் தெருவில் யாரும் 'இல்லை' என்று சொல்வதில்லை. சொன்னால் ஆள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவான். பக்கத்துக் கடையிலும் இருக்காது. ஆனால் அவன் 'வந்துரும்' என்பான், ஆள் அவனுடைய ஆளாகிவிடுவான். எனவே எல்லோரும் 'வந்துரும்' என்கிறார்கள். முதல் கடைக்காரருக்கு இதுவே பட்டப்பெயர். வந்துரும் அண்ணன் கடை என்றால்தான் வழி சொல்வார்கள்.

அத்தான் முகம் தொங்காமல் திரும்பி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எல்லாக் கடையிலும் தெரிஞ்சிருக்கு!"

"என்ன தெரிஞ்சிருக்கு?" என்றாள் அக்கா.

"வெல்டார். வந்துரும் அண்ணன் வியாழக்கிழமை வரும்னார். அடுத்த கடையில, 'போன வாரம்தான் சார் ரெண்டு பீஸ் போச்சு'ன்னான். அதுக்கும் அடுத்தவன் என்ன சொன்னான் தெரியுமா? 'அதுல சூடு கம்மி சார்'னான். நான் சூட்டைப் பத்திக் கேக்கவே இல்ல. அவனாச் சொல்றான்!"

"எந்த வியாழக்கிழமை?"

"அதைச் சொல்லல."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சோபாவைப் பார்த்தேன். கேபினெட் காலி வயிற்றோடு எங்களைப் பார்த்தது.

6

ஒப்புக்கொண்டேன். அதையும் எழுதுகிறேன், பின்னால் யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது.

"அத்தான். வெல்டார் நான் கட்டிவிட்டது."

"சரி."

"சரின்னா?"

"எழுதறவங்களுக்கு அப்படித்தான் தோணும். எல்லாத்தையும் தாங்களே உண்டாக்கின மாதிரி."

"இருமல் மருந்து பாட்டில்ல இருந்து எடுத்தேன். இதோ, பாருங்க பாட்டிலை."

வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். "பேரு பாட்டில்ல இருந்து வந்திருக்கும். போர்டு எங்க இருந்து வந்துச்சு? ரெண்டு பீஸ் வித்திருக்கானே."

"அவன் பொய் சொல்றான்."

"அவன் எத்தனையோ வருஷமா கடை நடத்தறான். நீ நாலு நாளா கதை எழுதற. ரெண்டு பேர்ல பொய் சொல்றது யாரா இருக்கும்? நீயே சொல்லு."

நியாயமான கேள்வி.

7

உண்டாக்கியவன்தானே, அழித்துவிடலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்தவர்களின் வரிசையில் நான் கடைசி ஆள். வியாழன் வந்தது, போனது. போர்டு வரவில்லை. இந்த வியாழன் இல்லை, அடுத்த வியாழன் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அத்தான் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டார். நல்ல பொருளுக்குக் காத்திருக்க வேண்டும் என்றார். நான் போனை எடுத்தேன்.

*வெல்டார் 70 இரண்டாம் நாளே புகைந்தது.*

— அத்தானின் குறிப்பு: மட்டமான பவர் சப்ளை போட்டிருப்பான்.

*நல்ல பவர் சப்ளை போட்டும் அது ஆன் ஆகவில்லை. திரை கருப்பாகவே*

— அத்தானின் குறிப்பு: ரேமை ஒழுங்காக அழுத்தியிருக்கமாட்டான். 'டக்' சத்தம் கேட்டதா? கேட்டதாக எழுதவில்லையே.

*'டக்' சத்தம் கேட்டது. இரண்டு பக்கமும் கேட்டது. பிறகு வெல்டார் 70 வெடித்தது. ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது. எதிர் வீட்டில் இருந்தவர்கள்*

— அத்தானின் குறிப்பு: உள்ளே பல்லி போயிருக்கிறது. இதற்குக் கம்பெனி என்ன செய்யும்?

கடைசியாக ஒன்று எழுதினேன். இதுதான் நான் செய்ததிலேயே பெரிய முட்டாள்தனம்.

*வெல்டார் கம்பெனி திவாலாகி மூடப்பட்டது. இனி அந்தப் போர்டு வராது.*

குறிப்பு வரவில்லை. மாறாக, அத்தான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"மூடிட்டான்னா கடையில இருக்கற மிச்ச ஸ்டாக்கைப் பிடிக்கணும்ல? விஷயம் வெளிய தெரிஞ்சா ஜனம் குவிஞ்சுரும்!"

அவர் போன பிறகு அக்கா வந்து என் எதிரே உட்கார்ந்தாள். அவளுடைய மேசை சுவர் ஓரமாக இருக்கிறது. ஹெட்போன், கீபோர்டு, மானிட்டர் எல்லாம் அதனதன் இடத்தில். கீபோர்டின் வயர் மேசை விளிம்பிலிருந்து தொங்குகிறது. எதிலும் செருகப்படவில்லை. வேகம் போய்விடக் கூடாது என்று தினமும் காலையில் அதன் முன்னால் உட்கார்ந்து வெறுமனே டைப் செய்கிறாள். எதுவும் எங்கேயும் பதிவதில்லை. இந்த வீட்டில் ஒழுங்காக எழுதுகிற ஆள் அவள் ஒருத்திதான் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது.

"நீ வேலையை விட்டுட்டு வந்து நின்னப்ப நான் ஒரு வார்த்தை கேட்டனா?"

"இல்ல."

"ஏன்டான்னு கேட்டனா? எப்ப போவன்னு கேட்டனா?"

"இல்லக்கா."

"இப்ப கேக்கறேன். திங்கக்கிழமை காலையில நான் எது முன்னாடி உக்காரட்டும்? உன் கதை முன்னாடியா?"

(இதற்கு நான் சொன்ன பதிலை நீக்கிவிட்டேன். அது பதிலே இல்லை.)

8

இந்தப் பகுதி அத்தானுக்கு அனுப்பப்படவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

வந்துரும் அண்ணன் கடைக்கு நானே போனேன். கவுன்ட்டருக்குப் பின்னால், டப்பாக்களுக்கு நடுவில், கழுத்துவரை மட்டும் தெரிகிற மனிதர். பார்த்ததும் "வந்துரும்" என்றார். நான் இன்னும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"அண்ணே, வெல்டார்னு ஒண்ணு கிடையாது."

"வியாழக்கிழமை..."

"வியாழக்கிழமையும் கிடையாது. அது நான் எழுதின கதையில வர்றது. எங்க அத்தான்கிட்ட அப்படி ஒண்ணு இல்லைன்னு நீங்க ஒரே ஒரு வார்த்தை சொல்லணும்."

அவர் டப்பாக்களை விலக்கிக்கொண்டு முழு உருவமாக வெளியே வந்தார்.

"என்ன சொல்லணும்?"

"இல்லைன்னு."

"என் வாயாலயா?"

"ஆமாண்ணே."

"தம்பி, எங்கப்பா கடை வச்ச நாள்ல இருந்து இந்தக் கவுன்ட்டர்ல அந்த வார்த்தை வந்ததில்ல. வீட்லகூட நான் சொல்றதில்ல. என் பொண்ணு யானை வேணும்னு கேட்டா. வந்துரும்னேன்."

"வந்துச்சா?"

"அவளுக்கே இப்ப கல்யாண வயசு. இன்னும் கோச்சுக்கல பாத்தீங்களா? இல்லைன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே அழுதிருப்பா."

எனக்குச் சட்டென்று அந்த ஆளைப் பிடித்துவிட்டது. பிடித்து என்ன பயன்? அக்காவின் முதுகை விவரித்தேன். கவுன்ட்டர் வேலை என்றதும் அவர் முகம் மாறியது. தன் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு செய்யலாம். இல்லைன்னு சொல்ல மாட்டேன். வந்துருச்சுன்னு சொல்றேன்."

"எது வந்துருச்சு?"

"அவர் வாங்கின ப்ராசஸர் என்னன்னு எனக்குத் தெரியும். அதுக்குப் பொருந்தற ஒரு போர்டை எடுத்துக் கையில குடுத்து, இதுதான் வெல்டார், கம்பெனி கைமாறினதால பேரை மாத்திட்டான், பழைய பேர்ல இனி வராதுன்னு சொல்லிடறேன். தொழில்ல நடக்கறதுதான்."

"நல்ல போர்டா?"

இதற்கு அவர் 'வந்துரும்' என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன். கைக்கு எட்டிய அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை உருவிக் காட்டினார். பெட்டியின்மேல் இறக்கை விரித்த ஏதோ ஒரு பறவையின் படம். பிரித்துக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தப் பெட்டியையாவது திருப்பிப் பார்த்திருக்கலாம், பின்பக்கம் போர்டின் படம் இருந்திருக்கும். எனக்கு அப்போது பறவையே போதுமாக இருந்தது. கதை முடியப்போகிறது என்ற சந்தோஷத்தில் இருந்தேன்.

9

ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம். கடையிலிருந்து போன் வந்து அத்தான் கிளம்பிப் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் முடிவை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அக்கா பக்கத்தில் நின்று படிக்கிறாள்.

முடிவு ஒன்று: *போர்டு வருகிறது. அத்தான் மாட்டுகிறார். திங்கட்கிழமை முழுக்க ஓடுகிறது. ஒன்றும் நடக்கவில்லை.*

"இதான் வேணும்" என்றாள் அக்கா.

"இதுல கதையே இல்லக்கா."

"கதை யாருக்குடா வேணும்?"

முடிவு இரண்டு: *போர்டு வருகிறது. அத்தான் மாட்டுகிறார். உறுதியாக இருக்கிறதா என்று சோதிக்க ஓடவிடுகிறார். சோதனை முடியும்வரை யாரும் தொடக் கூடாது என்கிறார். திங்கட்கிழமை போகிறது. செவ்வாயும் போகிறது. கணினி அருமையாக*

"அடி" என்றாள். அடித்தேன். நடக்கக்கூடியது என்பதால்தான் அவளுக்குக் கோபம்.

முடிவு மூன்று: *அத்தான் பெட்டியைத் திறக்கிறார். பெயர் வேறாக இருக்கிறது. அந்தப் புதுப் பெயரை நெட்டில் தேடுகிறார். புகார்கள் கொட்டுகின்றன. அவர் நிமிர்ந்து கடைக்காரரைப் பார்த்து*

இந்த வாக்கியம் பாதியில் நிற்பதற்குக் காரணம், எழுதிக்கொண்டிருந்த போனிலேயே அழைப்பு வந்துவிட்டது. அத்தான்.

"மாப்ள, கடையில இருக்கேன். வந்திருக்கு!"

"சந்தோஷம் அத்தான்."

"பேரு வேற போட்டிருக்கு. வெல்டார்தான் இது, பேரை மாத்திட்டான்னு சொல்றார். இருக்கலாம். புதுப் பேரைத் தேடிப் பாத்தேன், கன்னாபின்னான்னு திட்டியிருக்காங்க. ஆனா அது கம்பெனியைப் புதுசா வாங்கினவங்க மேல இருக்கற வயித்தெரிச்சல். உள்ள இருக்கற போர்டு வெல்டார்னா எனக்குப் போதும். அதை மட்டும் உறுதி பண்ணிக்கணும்."

"எப்படி உறுதி பண்ணுவீங்க?"

"அதுக்குத்தான் உனக்குப் போட்டேன். நீ நாலாவது பகுதியில எழுதினியே வெல்டார் 70, அதுல பேட்டரி எங்க இருக்கு?"

"எந்த பேட்டரி?"

"எல்லா போர்டுலயும் இருக்குமே, காசு மாதிரி வட்டமா, கடிகார பேட்டரி. கிராஃபிக்ஸ் கார்டு சொருகற நீட்டு ஸ்லாட்டு இருக்குல்ல, அதுக்கு மேலயா, கீழயா?"

நான் எழுதவில்லை. அலமாரியை எழுதினேன், கடைக்காரர் குரலைத் தாழ்த்தியதை எழுதினேன். பேட்டரியை எழுதவில்லை.

"உங்க கையில இருக்கறதுல எங்க இருக்கு?"

"அதை எதுக்கு நான் சொல்லணும்? நான் சொன்னா நீயும் அதையே சொல்லுவ. நீ முதல்ல சொல்லு. ஒத்துப்போச்சுன்னா வாங்கிட்டு வரேன், விடியறதுக்குள்ள மாட்டிடறேன். ஒத்துப்போகலைன்னா இது வேற. நான் காத்திருக்கேன்."

பின்னால் வந்துரும் அண்ணனின் குரல் கேட்டது. "பேட்டரிதானே சார்? அதெல்லாம் வந்துரும்!"

"நீங்க சும்மா இருங்க. மாப்ள, சொல்லு."

10

மேலே என்று நான் சொல்லி, அங்கே மேலே இருந்தால், நாளைக் காலை அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவாள். அதற்கப்புறம் அந்தப் பறவைப் போர்டு ஓடுமா என்பது அதன் பாடு. மேலே என்று சொல்லி, அங்கே கீழே இருந்தால், அத்தான் பெட்டியைப் பத்திரமாக மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு, படியேறி வந்து, அடுத்த வியாழக்கிழமைக்காக நிம்மதியாகத் தூங்குவார். எழுதவில்லை என்று உண்மையைச் சொன்னால், பார்க்காமலா எழுதினாய் என்பார். பார்க்காமல்தான் எழுதினேன் என்று அவரிடம் முன்பே சொல்லிப் பார்த்துவிட்டேன்.

போனோடு காதை ஒட்டி நிற்கும் அக்கா விரலால் மேலே காட்டுகிறாள். எப்படித் தெரியும் என்று வாயசைக்கிறேன். தெரியாது என்று உதட்டைப் பிதுக்குகிறாள். உடனே விரலைக் கீழே திருப்புகிறாள். இந்தக் கதை முழுக்க அவள் மதர்போர்டைப் பற்றி ஒரு கருத்தும் சொன்னதில்லை. முதல்முறையாகச் சொல்லச் சொன்னால் இப்படி இரண்டாகச் சொல்கிறாள்.

"மாப்ள? இருக்கியா? ஷட்டரை இறக்கறாங்க."

என்னால் முடியவில்லை. அந்தப் போர்டில் நான் இதுவரை வைத்ததெல்லாம் வாயில் வந்ததை வைத்தது. தெரிந்து ஒன்றை வைக்கச் சொன்னால் கை வரவில்லை. தவிர, நான் வாயைத் திறந்தால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும். அவர் லிஃப்டுக்குள் நின்று கயிற்றின் சத்தத்தை வைத்தே பழுதைக் கண்டுபிடிக்கிறவர்.

இதைப் படிக்கிற உங்கள் குரல் அவருக்குப் பழக்கமில்லை. இவ்வளவு தூரம் கூடவே வந்திருக்கிறீர்கள், யார் என்று அத்தான் கேட்டால் வெல்டார் 70 வாங்கினவர் என்று சொல்லிக்கொள்கிறேன். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல், கீபோர்டுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். அக்கா நகர்ந்து உங்களுக்கு இடம் விடுகிறாள்.

மேலேயா, கீழேயா? சத்தமாகச் சொல்லுங்கள். யோசிக்காதீர்கள். தயங்கினால் அத்தானுக்குத் தெரிந்துவிடும்.